கார்தான் கிளினிக்!

ஃபேர்வெல் முடிஞ்சதும் நம்ம காலேஜ் சங்கங்களுக்கும் டாட்டா சொல்லிடுவோம் இல்லையா? இவங்க கதையே வேற!

1908-ல் வாஷிங்டன் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவிகள் தொடங்கிய சங்கம், ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா. அமெரிக்காவின் முன்னாள் துணை அதிபர் கமலா ஹாரிஸ் 1986-ல் சேர்ந்தது, இதன் முதல் கிளையான ஹோவர்டு கிளையில்தான். இங்கே டிகிரி வாங்கினாலும் மெம்பர், மெம்பர்தான்!

1935 கோடை. டாக்டர் டாரத்தி ஃபெரபீ தலைமையில் சங்கத்துப் பெண்கள் மிசிசிப்பிக்குக் கிளம்பினாங்க. பருத்திக்காட்டு ஏழைக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடணும். பண்ணை முதலாளிகளுக்கோ சந்தேகம்... 'கிளினிக் பக்கம் யாரும் போகக் கூடாது'னு தடை. அசரலையே நம்ம ஆளுங்க! காரில் மருந்தும் ஊசியுமா பருத்திக்காட்டுக்கே போயிட்டாங்க. அடுத்தடுத்த கோடைகளிலும் போனாங்க.

சரி ஃப்ரெண்ட்ஸ், டிகிரிக்கு அப்புறம் உங்க கேங் எந்த ஊருக்குக் கிளம்பப்போகுது?