விக்டோரியா காலத்து வேல்ஸ் சுரங்க முதலாளியின் பொதுவாழ்வு: டேவிட் டேவிஸ்

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தென்வேல்ஸ் நிலக்கரி உலகக் கடல்வழிகளில் பெருமதிப்புப் பெற்றிருந்தது. புகை குறைந்தும் வெப்பம் மிகுந்தும் எரிந்த அதனைப் பிரிட்டிஷ் கடற்படை விரும்பிக் கொண்டது. ஏடன், கொழும்பு, சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களிலும் அது சேமித்து வைக்கப்பெற்றது. அந்நிலக்கரியால் பெருஞ்செல்வம் ஈட்டியவர்களுள் லாண்டினம் ஊரினரான டேவிட் டேவிஸ் (1818–1890) குறிப்பிடத்தக்கவர். அவருடைய பொதுவாழ்வு எவ்வடித்தளத்தில் எழுந்தது, எங்கே சரிந்தது என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம்.

தொழிலும் சமயமும்

மோன்ட்கோமரி மாவட்டத்தில் சிறு விவசாயக் குடும்பத்தில் பிறந்த டேவிஸ், பதினொரு வயதில் பள்ளியை விட்டு நீங்கி, மரம் அறுக்கும் தொழிலில் ஈடுபட்டார். பின்னர் இருப்புப்பாதை ஒப்பந்தக்காரராக உயர்ந்தார். நியூட்டவுன் – மகின்லெத் பாதைக்காகத் தலெர்த்திக்கில் பாறையைப் பிளந்து அவர் அமைத்த ஏறத்தாழ 120 அடி ஆழமுள்ள வெட்டு அக்காலத்தில் வியந்து பேசப்பட்டது.

1860களின் நடுவில் ரோண்டா பள்ளத்தாக்கில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சுரங்கம் தோண்டினார். நிலக்கரி தென்படாமல் பணம் தீர்ந்தபொழுது, தொழிலாளர் மேலும் ஒரு வாரம் கூலியின்றி உழைக்க முன்வந்தனர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1866-இல் நிலக்கரி கிடைத்தது. அவர் தொடங்கிய தொழில் 1887-இல் ஓஷன் நிலக்கரி நிறுவனம் எனும் வரையறுக்கப்பட்ட நிறுமமாயிற்று.

டேவிஸ் வேல்ஸ் மொழி பேசியவர், மதுவை விலக்கியவர், ஞாயிறு ஓய்வைக் கண்டிப்பாகப் பேணியவர். இங்கிலாந்துத் திருச்சபையைச் சாராத கால்வினிய மெதடிஸ்டுப் பிரிவினர். வேல்ஸ் மக்களுள் பெரும்பாலோர் இத்தகைய சபைகளைச் சார்ந்திருந்தமையால், அவரைத் தம்முள் ஒருவராகவே கருதினர். அவருடைய பொதுவாழ்வின் முதற்பொருள் செல்வம் அன்று, இந்நம்பிக்கையே எனலாம்.

கல்லூரியும் துறைமுகமும்

அபெரிஸ்டுவித்தில் 1872-இல் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பெற்றது. டேவிஸின் முன்னாள் கூட்டாளி தாமஸ் சேவின், தாம் கட்டிய உணவு விடுதியை முடிக்க இயலாமல் 1866-இல் நொடித்துப்போனார். அக்கட்டடமே கல்லூரிக்கு இடமாயிற்று. தொடக்கத்தில் அரசு மானியம் இல்லை. டேவிஸ் பெருந்தொகை வழங்கியதோடு பொருளாளராகவும் பணியாற்றினார். தேவாலயங்களில் எளியோர் இட்ட சில்லறைக் காசுகளும் கல்லூரியைத் தாங்கின என்பதை மறத்தலாகாது.

கார்டிஃப் துறைமுகம் பியூட் பிரபுவின் உடைமை. அங்கு நெரிசல் மிகவே, டேவிஸும் பிற சுரங்க முதலாளிகளும் பாரியில் புதிய துறைமுகமும் அதற்கு இருப்புப்பாதையும் அமைக்க முனைந்தனர். 1883-இல் பிரபுக்கள் அவை மறுத்த மசோதா 1884-இல் நிறைவேறியது. 1889-இல் துறைமுகம் திறக்கப்பெற்றது. 1913-இல் நிலக்கரி ஏற்றுமதியில் பாரி கார்டிஃபையே விஞ்சியது. இங்கே பொதுநலமும் தந்நலமும் ஒரே பாதையில் சென்றன. இவ்விரண்டையும் பிரித்துக் காண்பது அரிது.

நாடாளுமன்றமும் ஒன்பது வாக்குகளும்

டேவிஸின் சுரங்கங்கள் கிளமோர்கனில் இருந்தன. அவரோ தொலைவிலுள்ள கார்டிகன் பகுதியின் உறுப்பினராக 1874 முதல் லிபரல் கட்சி சார்பில் நாடாளுமன்றத்தில் அமர்ந்தார். 1886-இல் கிளாட்ஸ்டன் கொணர்ந்த அயர்லாந்துத் தன்னாட்சி மசோதாவை எதிர்த்தார். கிளாட்ஸ்டனைப் பெரிதும் போற்றிய அப்பகுதி மக்கள் இதனை ஏற்கவில்லை. அவ்வாண்டுத் தேர்தலில் அவர் ஒன்பதே வாக்குகளில் தோற்றார்.

இத்தோல்வியைத் தனிநிகழ்வாகக் கொள்ளுதல் பொருந்தாது. 1884-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் மாவட்டத் தொகுதிகளில் தொழிலாளர் பலருக்கு வாக்குரிமை அளித்தது. 1885-இல் ரோண்டா தொகுதியில் மேபன் எனப்பெற்ற தொழிலாளர் தலைவர் வில்லியம் ஏபிரகாம், ஒரு சுரங்க முதலாளியை வென்றார். மக்கள் சார்பில் முதலாளியே பேசும் காலம் மறையத் தொடங்கிற்று.

முடிவுரை

ஆல்பிரட் கில்பர்ட் வடித்த டேவிஸின் சிலை லாண்டினத்தில் துறைமுக வரைபடத்தை ஏந்தி நிற்கிறது. அதன் படி பாரியிலும் உள்ளது. கூலியின்றி ஒரு வாரம் உழைத்தோராகச் சொல்லப்படுவோரின் பெயர்கள் எச்சிலையின் அடியிலும் இல்லை. வள்ளன்மையால் கல்லூரி எழும், துறைமுகம் அமையும். ஆயினும் பொதுவாழ்வில் நிலைத்தற்கு மக்களின் இசைவு வேண்டும். கொடை அவ்விசைவுக்கு ஈடாகாது என்பதையே அவ்வொன்பது வாக்குகள் உணர்த்துகின்றன எனக் கருதுகிறோம்.