மென்பொருள் உரிமமுறைகளும் தமிழ்ப் பக்கவடிவமைப்புக் கோப்புகளின் நெடுங்காலப் பயன்பாடும்

ஆய்வுச் சுருக்கம்

அலுவலக மென்பொருளைச் சந்தா, ஒருமுறை உரிமம், கட்டற்ற உரிமம் என மூவகையில் பெறலாம். இவற்றுள் ஒன்றைத் தேர்வதற்கு விலையைக் காட்டிலும், உருவாக்கிய கோப்பைப் பிற்காலத்தில் திறக்க இயலுமா என்பதே முதன்மை அளவுகோலாதல் வேண்டும். இதனைப் பேஜ்மேக்கர் கோப்புகளின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சந்தா, ஒருமுறை உரிமம், கட்டற்ற மென்பொருள், பேஜ்மேக்கர், ஒருங்குறி.

முன்னுரை

தமிழ் நூலாக்கம் கணினிக்கு மாறிய காலத்தில் பேஜ்மேக்கர் பரவலாகப் பயன்பட்டது. அக்காலத் தமிழ் எழுத்துருக்கள் வெவ்வேறு குறியாக்கங்களைக் கொண்டிருந்தன. ஆதலால் அக்கோப்புகளை இன்று படிக்க, அவற்றைத் திறக்கும் மென்பொருளும் உரிய எழுத்துருவும் ஒருசேரத் தேவைப்படுகின்றன.

மூவகை உரிமங்கள்

ஒருமுறை உரிமம் குறிப்பிட்ட ஒரு பதிப்பைக் காலவரையின்றிப் பயன்படுத்தும் உரிமையைத் தருகிறது. எனினும், புதிய இயங்குதளத்தில் அப்பதிப்பு இயங்கும் என்பதற்கு உறுதியில்லை. சந்தா முறையில் புதிய பதிப்புகள் உடனுக்குடன் கிடைக்கின்றன. கட்டணம் நின்றால் பயன்பாடும் நிற்கும். நல்கைக் காலத்தோடு நிதி முடிவுறும் ஆய்வுத்திட்டங்களுக்கு இது பெரும் இடர்ப்பாடாகும். கட்டற்ற மென்பொருளின் மூலநிரல் திறந்திருப்பதால், ஒரு குழு கைவிட்டாலும் பிறர் அதனைத் தொடரலாம். ஆயினும் பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் நிறுவனமே செலவிட நேரும்.

பேஜ்மேக்கர் தரும் சான்று

அடோபி நிறுவனம் 2001இல் வெளியிட்ட 7.0 பதிப்போடு பேஜ்மேக்கரின் வளர்ச்சி நின்றது. அதன் இடத்தை இன்டிசைன் பெற்றது. ஒருமுறை உரிமத்தில் கிடைத்த இறுதிப் பதிப்பாகிய 2012ஆம் ஆண்டின் இன்டிசைன் சிஎஸ்6, பேஜ்மேக்கர் 6.0 முதலான கோப்புகளைத் திறந்தது. 2013 முதல் சந்தாவில் மட்டும் வெளிவரும் பதிப்புகளில் அவ்வசதி இல்லை. மாறாக, கட்டற்ற மென்பொருளான லிப்ரே ஆபீஸ், 2015இல் வெளிவந்த 4.4 பதிப்பிலிருந்து பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கிறது. சந்தாவைத் தவறாது செலுத்துவோரும் தம் பழைய கோப்பைத் திறக்கக் கட்டற்ற மென்பொருளை நாட வேண்டியுள்ளது.

எனினும், கோப்பு திறந்துவிட்டதாலேயே பனுவல் மீண்டுவிட்டதாகக் கொள்ள இயலாது. பக்க அமைப்பு பிறழக்கூடும். பழைய குறியாக்கத்திலுள்ள பனுவலை ஒருங்குறிக்கு மாற்றி மெய்ப்புப் பார்த்தல் வேண்டும். இப்பணியை எந்த உரிமமுறையும் தவிர்ப்பதில்லை.

முடிவுரை

வடிவமைப்புப் பணிக்குச் சந்தா மென்பொருள் பொருத்தமாயின் அதனைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் பணி முடிந்ததும் மூலக்கோப்போடு ஒருங்குறிப் பனுவலையும் பிடிஎஃப் படியையும் சேமித்தல் இன்றியமையாதது. ஆவணங்களுக்கு, 2006இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்ட ஓடிஎஃப் போன்ற திறந்த வடிவங்கள் ஏற்றவை. பதிப்பகங்களிலும் கல்வி நிறுவனங்களிலும் எஞ்சியுள்ள பேஜ்மேக்கர் கோப்புகளை, அவற்றைத் திறக்கும் கருவிகளும் உரிய எழுத்துருக்களும் கிடைக்கும்போதே மாற்றிவைத்தல் உடனடித் தேவையாகும்.