புற்றுநோய் போன பின்னும் எரியும் பாதங்கள்

புற்றுநோயிலிருந்து மீண்டவர் "கால் எரிகிறது" என்றால், "உயிர் பிழைத்தீர்களே, போதாதா?" என்று வாயை அடைத்துவிடுகிறோம். பாக்லிடாக்சல், ஆக்சாலிபிளாட்டின் போன்ற மருந்துகள் கை கால் நரம்புகளையும் பாதிக்கின்றன. எரிச்சலும் மரத்துப்போதலும் ஆண்டுக்கணக்கில் நீடிக்கலாம். டுலாக்செட்டின் மாத்திரை சிலருக்கே ஓரளவு உதவுகிறது.

அமெரிக்காவில் இத்தகையோருக்கு 'பெயின்டிரெய்னர்' என்ற இணையவழிப் பயிற்சியைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டிலிருந்தே கற்கும் 8 பாடங்கள். தசைகளை இறுக்கித் தளர்த்துவது ஒன்று. எனக்குப் பிடித்தது வேறு: வலி வந்தபின் உட்காராமல், வருமுன்பே கடிகாரம் பார்த்து ஓய்வெடுப்பது. அடுப்படியில் 20 நிமிடம் நின்றால் நாற்காலியில் 5 நிமிடம் என்பதுபோல. (நம் தாய்மார் சம்மதிப்பார்களா, தெரியாது!) "இனி எதற்கும் உதவமாட்டேன்" என்ற எண்ணத்தைக் கேள்வி கேட்பதும் பாடம்தான்.

இதனால் நரம்பு குணமாகாது. வலியின் பிடி தளரலாம். எரிச்சலை மட்டும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.