எலும்பில் வந்தாலும் எலும்பை எடுக்க வேண்டியதில்லை

எலும்பில் கட்டி என்று டாக்டர் சொன்னதும், அந்தமானின் லம்பா லைனில் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி "காலை எடுத்துடுவாங்களா?" என்பதுதான். அந்தப் பயத்தை வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நாளைக் கடத்துகிறவர்கள் உண்டு. எலும்பிலேயே தொடங்கும் லிம்போமா என்று ஒரு நோய் இருக்கிறது. நூறு லிம்போமாவில் இரண்டுகூட இந்த வகை இருக்காது. இதைக் குணமாக்குவது மருந்து, கத்தி அல்ல.

ஏன் என்று பார்ப்போம். லிம்போமா என்பது நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளை அணுக்களில் வரும் புற்றுநோய். பெரும்பாலும் கழுத்து, அக்குள் நிணநீர் முடிச்சுகளில் தொடங்கும். அதே அணுக்கள் எலும்பு மஜ்ஜையிலும் இருப்பதால், எப்போதாவது அங்கேயே கெட்டுப் பெருகிவிடுகின்றன. அதிகமும் தொடை எலும்பில். உடம்பெல்லாம் சுற்றிவரும் அணு அது. ஓரிடத்தை வெட்டினால் போதாது, ரத்தத்தோடு எங்கும் போய்ச் சேரும் மருந்து வேண்டும். பார்க்கர், ஜாக்சன் என்ற அமெரிக்க மருத்துவர்கள் இதைத் தனி நோயாக விவரித்த 1939இல் கத்தியும் கதிர்வீச்சும்தான் கைவசம் இருந்தன. நம் பயம் அந்தக் காலத்துப் பயம்.

கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். எக்ஸ்ரேயில் எலும்பு கிட்டத்தட்டச் சரியாகவே தெரியலாம். டீயில் ஊறிய ரஸ்க்கைப் பாருங்கள்: வடிவம் அப்படியே இருக்கும், உள்ளே முழுக்க நனைந்திருக்கும். எக்ஸ்ரே வடிவத்தைப் பார்க்கிறது; எம்.ஆர்.ஐ. அந்த நனைவைப் பார்க்கிறது. ராத்திரியிலும் விடாத வலி வாரக்கணக்கில் நீடித்தால், எக்ஸ்ரே நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது.

அடுத்தது பயாப்ஸி. ஊசியால் எடுத்த எலும்புத் துணுக்கைச் சுண்ணாம்புச் சத்து கரையும்வரை திரவத்தில் ஊறவைத்த பிறகே மெல்லிய சீவலாக வெட்ட முடியும். அதனால்தான் ரிப்போர்ட் தாமதமாகிறது. அதுவரை வலிக்கு என்று ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். இந்த அணுக்கள் ஸ்டீராய்டில் சுருங்கிவிடும், பயாப்ஸியில் அகப்படாமலே போகலாம். இங்குள்ள ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரியிலிருந்து சென்னைக்கு அனுப்பினால், ரிப்போர்ட்டோடு, அந்தத் துணுக்கை மெழுகில் பதித்த பிளாக்கையும் அதன் சீவல் ஒட்டிய ஸ்லைடையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே மறுபடி குத்த வேண்டிய தேவை பல நேரம் இருக்காது.

சிகிச்சை பெரும்பாலும் 21 நாளுக்கு ஒரு கீமோ, வழக்கமாக 6 முறை. சிலருக்குப் பிறகு கதிர்வீச்சு. அணுவின் மேலுள்ள சிடி20 என்ற அடையாளத்தைத் தேடிப் பிடிக்கும் ரிட்டுக்ஸிமாப் மருந்தும் கூடவே ஏறும். 2007இல் ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் அதை இந்தியாவிலேயே தயாரித்து விற்கத் தொடங்கியதும் விலை இறங்கியது. எலும்பு முறிந்திருந்தால் அல்லது முறியும் நிலையில் இருந்தால் கம்பி வைப்பார்கள். அறுவை சிகிச்சையின் வேலை பெரும்பாலும் அவ்வளவுதான். ஒரே எலும்பில் நிற்கும்போதே பிடித்துவிட்டால் பெரும்பாலானோர் குணமாகிறார்கள்.

முடிந்த பிறகும் எம்.ஆர்.ஐ.யில் அந்த இடம் நெடுநாள் மாறுபட்டே தெரியும். ஆறிய தழும்பும் அப்படித் தெரியும் என்பதால், நோய் மிச்சம் இருக்கிறதா என்று அறிய பெட் ஸ்கேன் எடுக்கிறார்கள்.