கடவுச்சீட்டில் தம்புள்ளைச் சிங்கம்

ஜெர்மனியில் சின்னஞ்சிறு கிராமத்துக்கும் தனிச் சின்னம் உண்டு. அதைக் கேடய வடிவத்துக்குள் வரைவார்கள். கண்டி இராச்சியத்தில் அந்த வேலையைப் பிரதேசக் கொடிகள் செய்தன. ஊவாவின் கொடியில் அன்னம், நாலு கோரளையின் கொடியில் சூரியனும் சந்திரனும். இலங்கையின் அரச இலச்சினைக்கும் வேர் கொடிகளில்தான் இருக்கிறது. அதைக் கண்ணால் பார்க்க மாத்தளை மாவட்டத்துக்கு வர வேண்டும்.

தம்புள்ளை விகாரையின் இரண்டாம் குகையில், எல்லாளன்மீது துட்டகைமுனு படையெடுத்த கதை சுவரோவியமாக இருக்கிறது. யானைமேல் மன்னன், கூடவே வீரர்கள், ஒரு கொடி. கொடியில் சிங்கம், அதன் வலது முன்காலில் வாள். சூரியனும் சந்திரனும் உண்டு. இலங்கைக் கடவுச்சீட்டின் அட்டையிலுள்ள இலச்சினையைப் பாருங்கள். அங்கும் சிங்கம் வலது முன்காலில்தான் வாளேந்தி நிற்கிறது. கீழே சூரியனும் சந்திரனும் இருக்கின்றன.

போர் நடந்தது கி.மு. 2ஆம் நூற்றாண்டில், ஓவியமோ கண்டிக் காலத்தது. ஆகவே துட்டகைமுனு பிடித்த கொடிக்கு அதைச் சாட்சியாகக் கொள்ள முடியாது. கண்டிக் காலத்தார் அரச கொடியை எப்படி மனத்தில் வைத்திருந்தார்கள் என்பதற்கு அது நல்ல சாட்சி. 1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமானபின் இங்கிலாந்து போய்ச் சேர்ந்த சிங்கக் கொடியை, செல்சியில் தேடிக் கண்டுபிடித்தவர் ஈ. டபிள்யூ. பெரேரா.

இலச்சினையில் சிங்கத்தைச் சுற்றித் தாமரை இதழ்கள், உச்சியில் தர்மசக்கரம். எனக்கு மிக நெருக்கமானது அடியிலுள்ள கலசம். அதிலிருந்து நெற்கதிர்கள் எழுந்து இருபுறமும் வளைந்து மேலே போகின்றன. சிங்களவர் இதைப் புன்கலச என்பார்கள். அநுராதபுரத்துக் காவற்கற்களில் பூ நிறைந்த கலசமாகச் செதுக்கியிருக்கிறார்கள். நாம் மாவிலையும் தேங்காயும் வைத்து வாசலில் நிறுத்தும் நிறைகுடமும் இதன் உறவுதான். செழிப்பைக் கேட்டு வைக்கும் குடம் இரு வீட்டாருக்கும் பொது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் கும்பம் வைத்துக் கும்பிடுகிறவருக்கு இலச்சினையின் இந்தப் பகுதியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

1954இல் வந்த முந்தைய இலச்சினையில் மேலே பிரித்தானிய முடியும், கீழே நாட்டின் பெயரைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் எழுதிய பட்டையும் இருந்தன. 1972இல் குடியரசானதும் முடி போனது, அது நியாயம். பட்டையும் கூடவே போனது. அதில் இருந்த தமிழ் எழுத்தை எடுத்திருக்கக் கூடாது என்றே சொல்வேன்.