தொடக்கநிலை ஆய்வு நல்கைகளும் தகுதிக் காலமும்: அறிவியல், பொறியியல் ஆய்வாளர்களுக்கான ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

அறிவியல், பொறியியல் துறைகளில் முனைவர் பட்டத்தை நிறைவு செய்யும் நிலையில் உள்ளோர் தனித்து இயங்கும் ஆய்வாளர்களாக வளர்வதற்குத் தொடக்கநிலை ஆய்வு நல்கைகள் துணைசெய்கின்றன. விண்ணப்பங்களில் ஆய்வுத் திறனுக்கு முன்பாகத் தகுதிக் காலமே சரிபார்க்கப்படுகிறது. அக்காலம் வயதைக் கொண்டோ, பட்டம் பெற்ற நாளைக் கொண்டோ கணக்கிடப்படுகிறது. இவ்விரு கணக்குகளின் வேறுபாட்டையும், அதனால் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எதிர்கொள்ளும் நெருக்கடியையும், ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன்பே விண்ணப்பத்திற்கு ஆயத்தமாக வேண்டியதன் தேவையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஆய்வு நல்கை, முனைவர் பட்ட மேலாய்வு, வயது வரம்பு, ஆய்வு முன்மொழிவு, மாநிலப் பல்கலைக்கழகம்

முன்னுரை

இந்தியாவில் அறிவியல் ஆய்வுக்கு வருவோர் முதலில் அறிந்துகொள்வது, பெரும்பாலும், சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. தேசியத் தகுதித் தேர்வின்வழிக் கிடைக்கும் இளநிலை ஆய்வு நல்கையையே ஆகும். 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, இதில் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும், அதன்பின் முதுநிலை ஆய்வாளர் நிலையில் 42,000 ரூபாயும் வழங்கப்படுகின்றன. இது தேர்வு மதிப்பெண்ணால் கிடைப்பது. முனைவர் பட்டத்தை ஒட்டியும் அதன் பின்னும் கிடைக்கும் நல்கைகளின் இயல்பு வேறு. அங்கு வினாத்தாள் இல்லை; ஆய்வாளரே ஒரு வினாவை எழுப்பி, அதனைக் குறித்த காலத்தில் குறித்த இடத்தில் ஆராய்ந்து முடிக்க இயலும் என நிறுவ வேண்டும். எப்போது விண்ணப்பிக்கலாம் என்பதை உரிய நேரத்தில் அறியாமையால் தகுதி வாய்ந்த பலர் இந்நல்கைகளை இழக்க நேரிடுகிறது.

1. வயதால் வரையறுக்கப்படும் நல்கைகள்

இந்திய நல்கைகளுள் பல விண்ணப்பதாரரின் வயதை அளவுகோலாகக் கொண்டவை. அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் ஆசிரியர் நல்கை இதற்குத் தக்க சான்றாகும். இதில் ஐந்து ஆண்டுகளுக்கு மாதம் 1,25,000 ரூபாய் ஊதியமும், ஆண்டுக்கு 7 லட்சம் ரூபாய் ஆய்வு மானியமும் உண்டு. பொது வயது வரம்பு 32, பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 35, மாற்றுத்திறனாளிகளுக்கு 37.

தேசிய முனைவர் பட்ட மேலாய்வு நல்கை இரண்டு ஆண்டுகளுக்கு உரியது. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி உருவான அறிவியல் பொறியியல் ஆய்வு வாரியம் இதனைத் தொடங்கியது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவ்வாரியம் அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளையுடன் இணைக்கப்பட்டபின், அவ்வறக்கட்டளை இதனைத் தொடர்கிறது. இதன் பொது வயது வரம்பு 35. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு ஐந்து ஆண்டுத் தளர்வு உண்டு. ஆய்வேட்டை ஒப்படைத்துப் பட்டத்திற்குக் காத்திருப்போரும் இதற்கு விண்ணப்பிக்கலாம். இன்ஸ்பயர் ஆசிரியர் நல்கைக்கும் அவ்வாறு விண்ணப்பிக்க இயலும். எனினும் பட்டம் உறுதியான பின்னரே நல்கை வழங்கப்படும்.

2. பட்ட நாளால் வரையறுக்கப்படும் நல்கைகள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்வோடோவ்ஸ்கா கியூரி முனைவர் பட்ட மேலாய்வு நல்கைக்கு வயது வரம்பு இல்லை. 2021 முதல் 2025 வரையிலான அழைப்புகளில், முனைவர் பட்டத்திற்குப் பின் எட்டு ஆண்டுகளுக்கு மிகாத ஆய்வு அனுபவம் உடையோரே தகுதியுடையோராகக் கொள்ளப்பட்டனர். ஆய்வுக்கு வெளியே கழிந்த காலம் இக்கணக்கில் சேராது. எந்நாட்டுக் குடிமக்களும் விண்ணப்பிக்கலாம் என்பதால் இந்திய ஆய்வாளர்களுக்கும் இது திறந்துள்ளது.

இங்கும் கட்டுப்பாடுகள் உண்டு. அழைப்பின் இறுதி நாளுக்கு முந்தைய 36 மாதங்களில், செல்லவிருக்கும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருத்தல் கூடாது. ஆய்வேட்டை ஒப்படைத்திருப்பது மட்டும் போதாது. இறுதி நாளுக்குள் வாய்மொழித் தேர்வில் வெற்றி பெற்றிருக்க வேண்டும். ஆகவே ஆய்வேடு ஒப்படைத்த நாள், வாய்மொழித் தேர்வு நாள், பிறந்த நாள் ஆகிய மூன்றும் வெவ்வேறு கதவுகளைத் திறக்கவும் மூடவும் செய்கின்றன.

3. மாநிலப் பல்கலைக்கழகச் சூழல்

எடுத்துக்காட்டாக, 1993 ஜூனில் பிறந்த ஓர் ஆய்வாளரைக் கருதலாம். முதுகலை முடித்தபின் குடும்பச் சூழலால் மூன்று ஆண்டுகள் தனியார் கல்லூரியில் பணியாற்றி, 27ஆம் வயதில் முனைவர் பட்டத்திற்குப் பதிவு செய்து, 2025 ஆகஸ்டில் ஆய்வேட்டை ஒப்படைக்கிறார் எனக் கொள்வோம். ஐந்து ஆண்டுகளில் ஆய்வை முடிப்பது தாமதமன்று. 2022ஆம் ஆண்டின் யு.ஜி.சி. நெறிமுறைகள் ஆறு ஆண்டுகள் வரை இடமளிக்கின்றன. எனினும் அவர் பொதுப் பிரிவைச் சேர்ந்த ஆணாயின், 2026 ஜனவரியில் 32 வயதைக் கடந்திருப்பார். இன்ஸ்பயர் ஆசிரியர் நல்கைக்கான வாய்ப்பு அவருக்கு முடிந்துவிடுகிறது. தேசிய மேலாய்வு நல்கைக்கு 2028 வரை மட்டுமே காலம் உண்டு. பட்ட நாளைக் கணக்கிடும் முறையிலோ அவருடைய காலம் அப்போதுதான் தொடங்குகிறது.

சாதி, பாலினம், உடற்குறை ஆகியவற்றால் நேரும் தடைகளை வயதுத் தளர்வு ஓரளவு ஈடுசெய்கிறது. பொருள்நிலையால் இடையில் பணிக்குச் சென்று தாமதமாக ஆய்வுக்கு வருவோரின் இழப்பு அதில் இடம்பெறவில்லை. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் மிகுதியாகப் பயிலும் மாநிலப் பல்கலைக்கழகங்களில் இவ்விழப்பு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

இதனுடன் மதிப்பீட்டுத் தாமதமும் சேர்கிறது. ஆய்வேடு ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் வாய்மொழித் தேர்வு முடிவு உட்பட அனைத்தும் நிறைவுற வேண்டும் என்பது யு.ஜி.சி. நெறிமுறை. தேர்வாளர் அறிக்கை வரத் தாமதமாகும்போது இக்காலம் நீள்வதுண்டு. வயது வரம்பை நெருங்கும் ஆய்வாளருக்கு ஒவ்வொரு மாதமும் ஒரு வாய்ப்பின் இழப்பாகலாம்.

4. முன்மொழிவின் இயல்பு

தகுதிக் காலம் குறுகியதாக இருப்பதால், முன்மொழிவை ஆய்வேட்டின் இறுதி ஆண்டிலேயே உருவாக்கத் தொடங்குதல் வேண்டும். முன்மொழிவு ஆய்வேட்டின் நீட்சியாக மட்டும் அமைந்தால், விண்ணப்பதாரர் நெறியாளரின் நிழலிலிருந்து விலகவில்லை என்றே மதிப்பீட்டாளர் கருதுவர்.

துத்தநாக ஆக்சைடு நுண்துகள்களைக் கொண்டு மெத்திலீன் நீலச் சாயத்தை ஒளியால் சிதைக்கும் ஆய்வேட்டை முடித்தவர், அடுத்து வேறோர் ஆக்சைடைத் தயாரிப்பதாக எழுதினால் அது புதிய வினாவாகாது. மாறாக, மீண்டும் மீண்டும் பயன்படுத்தும்போது அவ்வினையூக்கி திறனிழப்பது ஏன் என வினவலாம். ஒளியால் துத்தநாக ஆக்சைடே அரிக்கப்படுவது ஒரு காரணம். வினையின் இடைப்பொருள்கள் மேற்பரப்பில் படிவது மற்றொரு காரணம். கரைசலில் துத்தநாக அயனிகள் மிகுந்தால் முதற்காரணமும், வினையூக்கியைச் சூடாக்கியபின் திறன் மீண்டால் இரண்டாம் காரணமும் வலுப்பெறும். இவ்வாறு எழுதும்போது வினா, சோதனை, முடிவை அறியும் வழி ஆகிய மூன்றும் தெளிவாகின்றன. இரண்டு ஆண்டுகளில் முடிக்க இயலும் என்பதும் புலப்படுகிறது. மேற்பரப்பை ஆராய எக்ஸ்-கதிர் ஒளிமின்னணு நிறமாலைமானி உள்ள ஆய்வகத்தைத் தேர்ந்தெடுப்பதற்கான காரணமும் முன்மொழிவிலேயே கிடைத்துவிடுகிறது.

மேரி கியூரி நல்கையின் மேற்குறித்த அழைப்புகளில் ஆய்வுச் சிறப்புக்கு 50 விழுக்காடும், தாக்கத்திற்கு 30 விழுக்காடும், செயலாக்கத்திற்கு 20 விழுக்காடும் மதிப்பு அளிக்கப்பட்டது. ஆய்வுக் கருத்தை மட்டும் விரித்து எழுதிச் செயல்திட்டத்தை இறுதிப் பத்தியில் சுருக்குவோர் பாதி மதிப்பெண்ணுக்கே எழுதுகின்றனர் எனலாம்.

5. ஆவண ஆயத்தம்

ஏற்கும் நிறுவனத்தின் ஒப்புதல் கடிதம், ஆய்வேடு ஒப்படைத்ததற்கான சான்று, வயதுச் சான்று, உரிய பிரிவுச் சான்றிதழ் ஆகியவை பல விண்ணப்பங்களில் கேட்கப்படுகின்றன. ஒப்புதல் கடிதத்தில் நிறுவனத் தலைவர் அல்லது பதிவாளர் கையொப்பமிட வேண்டியிருப்பதால் இறுதி வாரத்தில் அதனைப் பெறுதல் அரிது. அறிவிப்பு வெளிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, ஒரு பக்க ஆய்வுச் சுருக்கத்துடன் ஏற்கும் ஆய்வாளருக்கு எழுதுதல் நன்று. விதிகள் மாறக்கூடியவை ஆதலால், அவ்வாண்டு அறிவிப்பையே இறுதியாகக் கொள்ளுதல் வேண்டும்.

முடிவுரை

தொடக்கநிலை நல்கைக்கான விண்ணப்பம் முனைவர் பட்டத்திற்குப் பிந்தைய பணி அன்று. பட்ட ஆய்வின் இறுதிக் கட்டத்தோடு இணைந்த பணியாகும். ஆய்வாளர் தம் பிறந்த நாள், ஆய்வேடு ஒப்படைக்கும் நாள், எதிர்பார்க்கும் வாய்மொழித் தேர்வு நாள் ஆகியவற்றை ஒரே அட்டவணையில் வைத்து நெறியாளருடன் ஆராய்தல் பயன்தரும். ஆய்வேட்டு மதிப்பீட்டை ஆறு மாதங்களுக்குள் முடிப்பது பல்கலைக்கழகங்களின் கடமை. வயதுக்கு மாற்றாகப் பட்ட நாளை அளவுகோலாகக் கொள்வதை நல்கை வழங்கும் அமைப்புகள் பரிசீலித்தால், தாமதமாக வந்தவர்களும் தம் ஆய்வுத் திறனின் அடிப்படையில் மதிப்பிடப்படும் வாய்ப்பைப் பெறுவர்.