பழைய பலகையில் புதிய செயலி

அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வரும் உறவினர் ஒருவர் நமக்கு ஒரு மின்சாரக் கெட்டிலைப் பரிசாகக் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதன் பிளக்கில் தட்டையான இரண்டு கால்கள் இருக்கின்றன. நம் வீட்டுச் சுவரில் இருப்பவையோ வட்டமான துளைகள். கடைக்குப் போய் ஓர் அடாப்டரை வாங்கி வருகிறோம். அதன் ஒரு பக்கம் தட்டைக் கால்களை ஏற்றுக்கொள்கிறது. மறுபக்கம் நம் சுவரில் சரியாகப் பொருந்துகிறது. காரியம் முடிந்தது என்று எண்ணி விசையைப் போடுகிறோம். சிறிது நேரத்தில் கெட்டில் கருகிப் போகிறது.

காரணம் யாது? அமெரிக்க வீடுகளில் வரும் மின்னழுத்தம் 120 வோல்ட். நம் நாட்டில் 230 வோல்ட். மின்னழுத்தம் இரு மடங்கானால் அதே சுருளில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது மின்னியலின் விதி. அடாப்டர் கால்களைப் பொருத்தியது, மின்சாரத்தைப் பொருத்தவில்லை. பொருந்துவது வேறு, இசைவது வேறு. இந்த வேறுபாட்டைக் கம்ப்யூட்டருக்குள் நடக்கும் ஒரு செய்தியைக் கொண்டு விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம். அதை நான் கற்றது ஒரு நண்பருக்கு நஷ்டம் உண்டாக்கித்தான் என்பதையும் மறைக்கப் போவதில்லை.

கம்ப்யூட்டரின் பெட்டியைத் திறந்து பார்த்தால் அகன்ற பலகை ஒன்று தெரியும். அதற்குத் தாய்ப்பலகை என்று பெயர். நினைவகத் துண்டுகள், மற்ற சில்லுகள் யாவும் அதன்மேல் குடியிருக்கின்றன. கணக்கு வேலை அனைத்தையும் செய்யும் செயலியும் அங்கேதான் அமர்ந்திருக்கிறது. மேசைக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் செயலியைப் பலகையோடு பற்றவைத்து விடுவதில்லை. சாக்கெட் என்னும் சதுரமான இருக்கையில் அதைப் பொருத்தி வைக்கிறார்கள். பழைய செயலிகளின் அடியில் வரிசை வரிசையாக நிற்கும் ஊசிக் கால்கள் சாக்கெட்டின் துளைகளில் இறங்கின. சில கால்கள் மின்சாரத்தை வாங்குகின்றன. சில தகவலைக் கொண்டுபோய்க் கொண்டுவருகின்றன. ஒன்று, இதயத் துடிப்பைப் போல ஒரே சீராக வரும் மின்துடிப்பைப் பெறுகிறது. 1989-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 486 செயலிக்கு இத்தகைய கால்கள் 168. அதற்கு வேண்டிய மின்னழுத்தம் 5 வோல்ட்.

செயலிகள் விரைந்து வளர்ந்தன. பலகைகளோ வாங்கியபடியே இருந்தன. பலகையை மாற்றினால் நினைவகத் துண்டுகளையும் மாற்ற நேரும். ஏனெனில், பழைய 486 பலகைகள் பலவற்றில் 30 தொடுமுனைகள் கொண்ட நினைவகத் துண்டுகள் இருந்தன. பின்வந்த பலகைகளோ 72 முனைத் துண்டுகளைக் கேட்டன. செயலியை மட்டும் மாற்றிக்கொள்ள வழியுண்டா என்று மக்கள் கேட்டதில் வியப்பில்லை. 1992-இல் இன்டெல் நிறுவனமே, ஏற்கெனவே வாங்கிய கம்ப்யூட்டரில் பொருத்திக்கொள்வதற்காக ஓவர்டிரைவ் என்னும் செயலிகளை விற்கத் தொடங்கியது. 1995-இல் ஏ.எம்.டி. நிறுவனம் 5எக்ஸ்86 என்ற செயலியை வெளியிட்டது. பலகை தரும் 33 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை அது தனக்குள் நான்கு மடங்காக்கி, 133 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் வேலை செய்யும். அது 486-க்கு உரிய சாக்கெட்டிலேயே அமரும்.

இங்கேதான் என் கதை வருகிறது. என் நண்பர் ஒருவர் சிறியதோர் அச்சகம் நடத்தி வந்தார். திருமண அழைப்பிதழ்களை அவர் கோத்து அமைத்தது 66 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள ஒரு 486 கம்ப்யூட்டரில். 1997-ஆம் ஆண்டின் இறுதி, மார்கழி மாதம். தை முகூர்த்தங்களுக்கான வேலைகள் குவிந்து கிடந்தன. ஒரு பக்கத்தைத் திரையில் திருத்திவிட்டு, அது மறுபடி வரைந்து முடியும்வரை அவர் காத்திருப்பார். புதிய கம்ப்யூட்டர் வாங்க அவரிடம் பணம் இல்லை. நான்தான் அந்தப் புதிய செயலியைப் பற்றிச் சொன்னேன். அவர் பணம் தந்தார். நானே வாங்கி வந்து பொருத்தினேன். கால்களின் எண்ணிக்கை ஒத்திருந்தது, வரிசை ஒத்திருந்தது. வேறென்ன வேண்டும் என்று எண்ணினேன்.

கம்ப்யூட்டர் எழுந்தது. நண்பரின் முகம் மலர்ந்தது. சில நிமிடங்கள் கழித்துத் திரை அசைவற்று நின்றது. செயலியின்மேல் இருந்த உலோகத் தகட்டில் விரலை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டேன். அந்தச் செயலி பிறகு உயிர்பெறவே இல்லை. அது கேட்டது 3.45 வோல்ட், பழைய பலகை கொடுத்தது 5 வோல்ட். கெட்டிலின் கணக்கை இங்கும் போட்டுப் பாருங்கள்: வெப்பம் இரு மடங்குக்கும் சற்று மேல். பழைய செயலியைத் திரும்ப அமர்த்தினோம்; கம்ப்யூட்டர் பழைய மந்த நடையில் நடந்தது. செயலியின் விலையை நான் நண்பருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இதற்குள் கழிந்த நாட்களில் வேறு அச்சகங்களுக்குப் போய்விட்ட வேலைகளை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

நான் வாங்கியிருக்க வேண்டியது செயலியை மட்டுமன்று. அதனோடு ஓர் அடாப்டரையும். அது தீப்பெட்டியளவே உயரமுள்ள சிறு பலகை. அதன் அடியில் பழைய சாக்கெட்டுக்கு உரிய கால்கள். மேலே புதிய செயலிக்கு உரிய துளைகள். இரண்டுக்கும் இடையே, ஓரத்தில், மின்னழுத்தத்தை நெறிப்படுத்தும் சில்லு ஒன்று இருக்கும். அது 5 வோல்ட்டை வாங்கி 3.45 வோல்ட்டாகக் குறைத்துச் செயலிக்குத் தரும். இன்னொரு சிறு வேலையையும் அடாப்டர் செய்யும். இந்தச் செயலியின் ஒரு காலைப் பூஜ்ய வோல்ட்டோடு இணைத்தால் அது துடிப்பை நான்கு மடங்காக்கும். இணைக்காமல் விட்டால் மூன்று மடங்கோடு நின்றுவிடும். பழைய பலகை அந்த இணைப்பை அறியாது. அடாப்டரே அதைச் செய்துவிடும். ஆகவே அடாப்டர் என்பது இரு மொழியாளர்களுக்கு இடையே நிற்கும் துபாஷி போன்றது. துபாஷிக்கு இரு மொழியும் தெரிந்திருக்க வேண்டும். இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்தால் மட்டும் போதாது.

அடாப்டர்களின் பொற்காலம் சில ஆண்டுகளில் வந்தது. 1997-இல் இன்டெல் நிறுவனம் பென்டியம் 2 செயலியைச் சாக்கெட்டில் அமர்த்தாமல், ஒரு பெட்டகத்தில் வைத்துச் செங்குத்தாக நிறுத்தும்படி அமைத்தது. அதற்குக் காரணம் கேஷ் நினைவகம். சமையலறையில் அடுப்புக்கு அருகே இருக்கும் அஞ்சறைப் பெட்டியைப் போன்றது அது. அடிக்கடி வேண்டியவை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் உக்கிராண அறைக்கு ஓட வேண்டியதில்லை. பென்டியம் 2-இன் கேஷ் சில்லுகள் செயலிக்கு வெளியே, அருகில் இருந்தன. எல்லாவற்றையும் ஒரே அட்டையில் வைத்துப் பெட்டகமாக்கினார்கள். அந்தப் பெட்டகம் நிற்கும் இடத்துக்கு ஸ்லாட் 1 என்று பெயர். அதில் 242 தொடுமுனைகள். 1998-இல் வெளிவந்த செலரான் 300ஏ என்னும் செயலியில் கேஷ் நினைவகம் செயலியின் சில்லுக்குள்ளேயே புகுந்துவிட்டது. அஞ்சறைப் பெட்டி அடுப்போடு சேர்ந்துவிட்ட பிறகு பெரிய பெட்டகம் எதற்கு? 1999-இல் செயலிகள் 370 கால்களோடு சாக்கெட்டுக்குத் திரும்பின.

ஸ்லாட் பலகைகளை வாங்கிவிட்டவர்கள் என்ன செய்வது? அவர்களுக்காகவே ஸ்லாட்கெட் என்னும் அடாப்டர் வந்தது. பெட்டகத்தைப் போலவே நிமிர்ந்து நிற்கும் ஓர் அட்டை. அதன் முகத்தில் 370 துளைகள் கொண்ட சாக்கெட். புதிய செயலியை அதில் பொருத்திப் பழைய ஸ்லாட்டில் செருகிவிடலாம். ஆனால் செருகுவதற்கு முன் நான்கு இசைவுகள் உண்டா என்று பார்க்க வேண்டும்.

முதலாவது, கால்களின் இசைவு. அதை அடாப்டரே முடித்துவிடும்.

இரண்டாவது, மின்னழுத்தம். பென்டியம் 2-இல் முதலில் வந்தவை 2.8 வோல்ட் கேட்டன. பின்னர் வந்தவை 2.0 வோல்ட். 1999-இல் வந்த காப்பர்மைன் வகைப் பென்டியம் 3 செயலிகளுக்கு ஏறத்தாழ 1.65 வோல்ட் போதும். செயலி தனக்கு வேண்டியதை எப்படிக் கேட்கிறது தெரியுமா? அதற்கென ஐந்து கால்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் இணைந்திருக்கும் அல்லது இணையாதிருக்கும். ஆக 32 விதமான குறிப்புகள். பலகை அந்தக் குறிப்பைப் படித்து, அதன்படி மின்சாரம் தரும். ஆனால் பழைய பலகைகள் பலவற்றால் 1.8 வோல்ட்டுக்குக் கீழே இறங்க முடியாது. ஆதலால் அவை விசை போட்டாலும் எழ மறுத்துவிடும். சில அடாப்டர்களில் ஜம்பரை மாற்றிவைத்து, 1.65-க்குப் பதில் 1.8 வோல்ட் கேட்கச் செய்யலாம். அவ்வாறு செய்து ஓட்டியவர்கள் உண்டு. வெப்பம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். நல்ல விசிறி வேண்டும். தனக்கென மின்னழுத்த நெறிப்படுத்தியைத் தன்மேலேயே வைத்துக்கொண்ட அடாப்டர்களும் விற்பனைக்கு வந்தன. அவை விலை கூடியவை, ஆனால் பத்திரமானவை.

மூன்றாவது, துடிப்பு. செயலியின் வேகம் என்பது பலகையின் துடிப்பைச் செயலியின் பெருக்கு எண்ணால் பெருக்கி வருவது. இன்டெல் செயலிகளில் அந்தப் பெருக்கு எண்ணை நாம் மாற்ற முடியாதபடி பூட்டிவிட்டார்கள். 850 மெகாஹெர்ட்ஸ் செயலியின் பெருக்கு எண் 8.5, பலகை 100 மெகாஹெர்ட்ஸ் தரும் என்று நம்பி அமைத்தது. 66 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே தரும் பழைய பலகையில் அதை வைத்தால் கிடைப்பது 566 மெகாஹெர்ட்ஸ்தான். 850-க்குப் பணம் கொடுத்து 566-ஐ வாங்கியவர் அடாப்டரைக் குறை கூறிப் பயனில்லை.

நான்காவது, அறிமுகம். விசை போட்டதும் முதலில் விழித்துக்கொள்ளும் பயாஸ் என்னும் நிரல் பலகையில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அது பிறகு வந்த செயலியை அறியாது. அறியாத விருந்தினரை வாசலிலேயே நிறுத்திவிடலாம். அல்லது உள்ளே விட்டும் கேஷ் நினைவகத்தைத் திறந்துவிடாமல் இருக்கலாம். பலகையை உருவாக்கியவர் புதிய பயாஸ் வெளியிட்டிருக்கிறாரா என்று முதலில் பார்க்க வேண்டும்.

கால்கள் ஒத்திருப்பது எவ்வளவு சிறிய செய்தி என்பதற்கு 2001-ஆம் ஆண்டு நல்ல சான்று. அவ்வாண்டில் வந்த டுவாலட்டின் வகைச் செயலிகளுக்கும் அதே 370 கால்கள், அதே சாக்கெட். ஆனால் சில கால்களின் பொருளை மாற்றிவிட்டார்கள். சமிக்ஞைகளின் மின்னழுத்தத்தையும் குறைத்துவிட்டார்கள். பழைய பலகையில் அவை வேலை செய்யவில்லை. ஆகவே, 370 துளையிலிருந்து 370 துளைக்கே செல்லும் அடாப்டரை மக்கள் வாங்க நேர்ந்தது!

இதன் மறுபக்கத்தையும் பார்ப்போம். சர்வர்களுக்கென இன்டெல் தயாரித்த ஜியான் செயலிகளில் ஒரு வகை, 771 தொடுமுனைகள் கொண்டது. வீட்டுப் பலகைகளின் சாக்கெட் 775 முனைகள் கொண்டது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. சர்வர்களிலிருந்து கழிக்கப்பட்ட அந்தச் செயலிகள் மலிவாகக் கிடைத்தபோது, இரண்டு முனைகளை மட்டும் இடம் மாற்றி இணைக்கும் மெல்லிய ஒட்டுத்தாள் ஒன்றே அடாப்டராக அமைந்தது. சாக்கெட்டின் பக்கவாட்டு மேடுகளைச் சற்றுச் செதுக்கி, பயாஸுக்கும் புதிய செயலியை அறிமுகம் செய்துவைத்தால் போதும். மின்னழுத்தமும் துடிப்பும் முன்னமே இசைந்திருந்ததால் ஒரு துண்டுத் தாள் போதுமானதாயிற்று.

இந்நாளில் இத்தகைய அடாப்டர்கள் ஏறக்குறைய மறைந்துவிட்டன. அந்நாளில் செயலி நினைவகத்தோடு நேரே பேசவில்லை. பலகையிலிருந்த வேறொரு சில்லின் வழியாகப் பேசியது. 2003-இல் ஏ.எம்.டி.யின் அத்லான் 64, 2008-இல் இன்டெலின் கோர் ஐ7 ஆகியவை நினைவகத்தை ஆளும் பகுதியைத் தமக்குள்ளேயே வைத்துக்கொண்டன. எனவே செயலியின் தலைமுறை மாறினால் நினைவகத்தின் வகையும் மாறக்கூடும். சமிக்ஞைகளின் வேகமும் மிகுந்துவிட்டது. இடையில் ஒரு பலகையைச் செருகி வழியை நீட்டினாலே அவை சிதைந்துபோகும். அடாப்டருக்குப் பதிலாக ஒரே சாக்கெட்டைப் பல ஆண்டுகள் காத்துவருவது இன்னொரு வழி. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட்டில் 2017-இன் ரைசன் செயலியும் அமர்ந்தது. பயாஸைப் புதுப்பித்த பலகைகள் பலவற்றில் 2020-இன் ரைசன் செயலியும் அமர்ந்தது.

பழைய கருவி ஒன்றைப் புதுப்பிக்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: துளை பொருந்துகிறதா என்பதைக் கடைசியில் பாருங்கள். எத்தனை வோல்ட், எவ்வளவு துடிப்பு, பயாஸ் அறியுமா என்னும் மூன்று கேள்விகளுக்கும் பலகையின் கைநூலில் விடையைத் தேடி எழுதிக்கொண்ட பிறகே பணத்தை எடுங்கள். அந்தக் கைநூல் என் நண்பரின் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. அடாப்டர் கிடைத்தது தை கழிந்து மாசி பிறந்த பிறகு. அதைப் பொருத்துமுன் அந்தக் கைநூலை நான் இரண்டு முறை படித்தேன். அதன்பின் அந்த 486 பலகை இன்னும் மூன்று முகூர்த்த காலங்களுக்கு அழைப்பிதழ்களை அமைத்துக் கொடுத்தது.